எய்ம்ஸ் சர்வர்களுக்கு நடுவே இல்லாத சுவர்

2022 நவம்பர் 23, புதன்கிழமை காலை. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இ-ஹாஸ்பிடல் மென்பொருள் நின்றுபோனது. புறநோயாளிப் பதிவு, முன்பதிவு, ஆய்வக முடிவு, பில் என்று அத்தனையும் அதை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தன. எல்லாம் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பின. அவசரமான மாதிரிகளை மட்டும் படிவம் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களுக்கும் கையால் எழுதும் படிவங்கள் வந்தன. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி வந்து, அன்சாரி நகர் நடைபாதையில் படுத்து எழுந்து, விடியற்காலையில் வரிசை பிடிப்பவர்கள் அந்த மருத்துவமனையின் நோயாளிகள். பதிவு முதல் டிஸ்சார்ஜ் வரையிலான வசதிகள் பெரும்பாலும் மீண்டு வர இரண்டு வாரங்கள் ஆயின.

சர்வர்களில் இருந்த தரவைக் குறியாக்கம் செய்து பூட்டிவிடும் ரான்சம்வேர் தாக்குதல் அது. தில்லி போலீசின் சைபர் பிரிவு மிரட்டிப் பணம் பறித்தல், சைபர் பயங்கரவாதம் ஆகிய குற்றங்களின் கீழ் வழக்குப் பதிந்தது. அன்றைய தகவல் தொழில்நுட்பத் துறை இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் பின்னர் நாடாளுமன்றத்துக்கு அளித்த எழுத்துவழிப் பதிலில் மூன்று தகவல்கள் இருந்தன: பாதிக்கப்பட்ட சர்வர்கள் ஐந்து, பூட்டப்பட்ட தரவு ஏறத்தாழ 1.3 டெராபைட், ஊடுருவலுக்கு வழிவிட்டது, முறையாகப் பகுக்கப்படாத நெட்வொர்க்.

இந்த மூன்றாவது தகவலைச் செய்தித்தாள்கள் ஒரு வரியில் கடந்துபோயின. தாக்கியவன் எந்த நாட்டுக்காரன், எத்தனை கோடி கேட்டான் என்பதில்தான் எல்லோருடைய ஆர்வமும் இருந்தது. குறிப்பிட்ட தொகை எதுவும் கேட்கப்படவில்லை என்று அரசே பின்னர் சொன்னது. நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஒரு வரிதான் முக்கியம். யார் தாக்குவார்கள் என்பது மருத்துவமனையின் கையில் இல்லை. உள்ளே வந்தவன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது முழுக்க மருத்துவமனையின் கையில் இருக்கிறது.

காசநோய் வார்டையும் குழந்தைகள் வார்டையும் ஒரே கூடத்தில் வைக்க எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். கணினிகளுக்கும் அதே நியாயம்தான். அந்தப் பிரிவினையைச் செய்யும் கருவிக்குப் பெயர் சப்நெட். நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. முகவரிகளைத் தொகுதிகளாக வெட்டிக்கொள்வதற்கான பொது விதி 1985-இலேயே எழுதப்பட்டுவிட்டது. வழக்கமான சிறு தொகுதி ஒன்றில் 256 முகவரிகள். இரண்டு ஒதுக்கீடு போக 254 கருவிகளுக்கு இடம் உண்டு. ஒரே தொகுதியில் இருப்பவை தமக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். வேறு தொகுதியோடு பேச வேண்டுமென்றால் ரவுட்டர் அல்லது ஃபயர்வால் வழியாகத்தான் போயாக வேண்டும். யார் நீ, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று கேட்க வாய்ப்புள்ள இடம் அந்த வாசல் ஒன்றுதான்.

வாய்ப்பு என்றுதான் சொன்னேன். பல நிறுவனங்களில் வரைபடத்தில் பத்து சப்நெட்டுகள் அழகாக இருக்கும்; வாசலில் உள்ள ஃபயர்வாலிலோ "எவரும் எங்கும் போகலாம்" என்று ஒரே விதி எழுதப்பட்டிருக்கும். ஸ்கேன் கருவியைப் பழுதுபார்க்க வந்த கம்பெனிக்காரருக்கு அவசரமாகத் திறந்துவிட்ட வழி, அவர் போன பிறகும் வருடக்கணக்கில் திறந்தே கிடக்கும். பிரித்து வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை மட்டும் அங்கே இருக்கும், பிரிவினை இருக்காது. பிரிவே இல்லாமல் முழுக்கத் தட்டையாக விடப்பட்ட நெட்வொர்க்கைவிட இது மோசம் என்பேன், ஏனென்றால் இங்கே யாரும் கவலைப்படக்கூட மாட்டார்கள்.

சர்வர்கள் மெய்நிகராகிவிட்ட பிறகு இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் வந்துவிட்டது. எய்ம்ஸில் அப்போது ஏறக்குறைய நூறு சர்வர்கள் இருந்தன, நாற்பது பருப்பொருளானவை, அறுபது மெய்நிகரானவை என்று சுகாதார அமைச்சக வட்டாரங்களைச் சுட்டி அந்த டிசம்பரில் செய்திகள் வந்தன. விஎம்வேர், ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருள் ஒன்றை நிறுவினால் ஒரே இரும்புப் பெட்டிக்குள் பத்து, இருபது கணினிகளை ஓட்டலாம். அவற்றை இணைக்கும் ஸ்விட்சும் அந்தப் பெட்டிக்குள்ளேயே மென்பொருளாக இருக்கும். ஆய்வகத்தின் மெய்நிகர் சர்வரும் பில்லிங்கின் மெய்நிகர் சர்வரும் ஒரே மெய்நிகர் ஸ்விட்சில், ஒரே தொகுதியில் மாட்டப்பட்டிருந்தால், அவை பேசிக்கொள்வது பெட்டியைவிட்டு வெளியே வராது. பல லட்சம் கொடுத்து வாங்கி ரேக்கில் வைத்த ஃபயர்வாலுக்கு அந்தப் பேச்சில் ஒரு பைட்கூடத் தெரியாது.

ஆகவே பிரிவினையைப் பெட்டிக்குள்ளேயே செய்தாக வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தனி விலான் (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் முறை) எண், அதற்கென்று தனி சப்நெட், நடுவில் ஒரு மெய்நிகர் ஃபயர்வால். ஒரு நெட்வொர்க்கில் 4,094 விலான்கள் வரை வைத்துக்கொள்ளலாம். எந்த மருத்துவமனைக்கும் இடப்பற்றாக்குறை வரப்போவதில்லை. பதிவு கவுண்டர் கணினிகள் ஒரு பக்கம். நோயாளிகளும் உடன் வந்தவர்களும் பயன்படுத்தும் வைஃபை வேறொரு பக்கம், அங்கிருந்து இணையத்துக்கு மட்டுமே வழி. எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் கருவிகள் பலவற்றில் பழைய விண்டோஸ் ஓடும். தயாரித்த நிறுவனத்தின் அனுமதியின்றி அதைப் புதுப்பிக்க முடியாது. அந்தக் கருவிகளைத் தனியே அடைத்துத்தான் வைக்க வேண்டும். நோயாளிகளின் தரவுத்தளத்தை நேரடியாகத் தொட மருத்துவமனை மென்பொருளின் சர்வருக்கு மட்டும் அனுமதி, அதுவும் ஒரே ஒரு போர்ட் வழியாக.

மிகக் கவனமாகப் பிரிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மெய்நிகர் கணினிகள் அனைத்தையும் ஆளும் நிர்வாகத் திரை. அதைப் பிடித்தவனுக்கு ஐம்பது சர்வர்களை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டிய வேலை இல்லை. அடியில் இருக்கும் வட்டுக் கோப்புகளைப் பூட்டினால் ஐம்பதும் ஒரே நேரத்தில் விழும். 2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் உலகெங்கும் ஆயிரக்கணக்கான விஎம்வேர் சர்வர்களை இப்படித்தான் முடக்கியது. அது நுழைந்ததாகக் கருதப்பட்ட ஓட்டைக்குத் திருத்தம் வெளியாகி அதற்குள் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருத்தம் போடத் தவறியது ஒரு பிழை. அந்த நிர்வாக வாசலை இணையத்தில் எவரும் எட்டும்படி வைத்தது அதைவிடப் பெரிய பிழை. நிர்வாகத் திரைக்குத் தனி சப்நெட், அதில் நுழைய இரண்டு மூன்று கணினிகளுக்கு மட்டும் அனுமதி, பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு ஆகியவை இல்லாமல் மற்ற பிரிவினைகள் எல்லாம் வீண்.

இரண்டாவது, பேக்கப். எய்ம்ஸ் மீண்டு வந்தது, தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் மிஞ்சியிருந்ததால்தான். இ-ஹாஸ்பிடல் தரவு முழுவதும் அதிலிருந்து மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது என்று சுகாதாரத் துறை இணை அமைச்சராக இருந்த பாரதி பிரவீன் பவார் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அதுவும் எட்டக்கூடிய இடத்தில் இருந்திருந்தால் எத்தனை பேருடைய சிகிச்சை வரலாறு அழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பதறுகிறது. பேக்கப் வேறு சப்நெட்டில், வேறு பாஸ்வேர்டில், ஒரு பிரதியாவது நெட்வொர்க்கோடு தொடர்பே இல்லாமல் இருக்க வேண்டும். அதிலிருந்து மீட்டுப் பார்க்கும் ஒத்திகையையும் அவ்வப்போது நடத்த வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த குறை என்று எண்ண வேண்டாம். அயர்லாந்தின் பொது மருத்துவச் சேவை 2021 மே 14 அன்று நாடு முழுவதும் முடங்கியது. மார்ச் மாதம் ஓர் ஊழியர் திறந்த மின்னஞ்சல் இணைப்பில் தொடங்கிய ஊடுருவல் அது. எட்டு வாரங்கள் யாரும் தடுக்காமல் உள்ளே உலவியது. அங்கும் விசாரணை அறிக்கை சுட்டிய காரணங்களில் ஒன்று தட்டையான நெட்வொர்க். அயர்லாந்து அந்த அறிக்கையை மக்கள் படிக்கும்படி வெளியிட்டது. எய்ம்ஸ் விஷயத்திலும் அப்படி ஒன்று வெளிவந்திருந்தால் நம் ஊர் மருத்துவமனைகள் ஒவ்வொன்றுக்கும் அதுவே பாடநூலாக இருந்திருக்கும்.

சரி, நோயாளியின் கையில் என்ன இருக்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் வழியில் வந்ததுதான் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் தரவை வைத்திருக்கும் அமைப்பு தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. தரவு கசிந்ததைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் உங்களுக்கும் தெரிவிக்காமல் மறைத்தால் 200 கோடி வரை. தரவைக் கையாளும் வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு மருத்துவமனையுடையதுதான். இந்த ஏற்பாட்டின் அருமை தமிழ்நாட்டுக்குத் தெரியும்: எய்ம்ஸ் தாக்குதல் நடந்த அடுத்த மாதமே, திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் சுமார் ஒன்றரை லட்சம் நோயாளிகளின் விவரங்கள் விற்பனைக்கு வந்திருப்பதாகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று தெரிவித்தது. அவை வெளி ஒப்பந்த நிறுவனத்தின் வழியே கசிந்ததாகக் கூறப்பட்டது.

தில்லித் தமிழர்களுக்கு இன்னொரு செய்தி. உங்களிடமிருந்து எந்தத் தரவை எதற்காகப் பெறுகிறார்கள் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். தமிழில் கேட்கலாம். கேட்கத் தயங்க வேண்டாம்.

இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்தும் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வருவது அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில். அரசு அமைப்புகள் சிலவற்றுக்கு விலக்களிக்கும் அதிகாரமும் மத்திய அரசிடம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய குறை வேறொன்று: அபராதம் முழுவதும் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் இல்லை. இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. அந்தப் பிரிவு உயிரோடு இருக்கும்வரை, தனியார் மருத்துவமனையின் அலட்சியத்தால் உங்கள் தரவு கசிந்து நட்டம் நேர்ந்தால், மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் ஐந்து கோடி ரூபாய் வரை இழப்பீடு கோரலாம். தீர்ப்பளிக்கும் அதிகாரி அவர்தான். இப்படி ஒரு வாசல் இருப்பதே பலருக்குத் தெரியாமல் அது மூடப்படப்போவது வேதனை.

இன்றே நடப்பில் இருக்கும் கட்டாயங்களும் உண்டு. சைபர் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிகளின் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. உங்கள் மருத்துவப் பதிவுகளை நீங்கள் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. இந்த உரிமையைச் சர்வர் ஓடும்போதே பயன்படுத்துங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், பயாப்ஸி முடிவு, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் பிரதி வீட்டில் இருக்கட்டும். நெடுநாள் சிகிச்சையில் இருப்பவர்கள், முக்கியமாகப் புற்றுநோய், சிறுநீரக நோயாளிகள், இதில் ஒருபோதும் அசட்டையாக இருக்கக் கூடாது.

அரசு மருத்துவமனையாக இருந்தால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். நெட்வொர்க் வரைபடத்தைக் கேட்காதீர்கள்; பாதுகாப்பைக் காட்டி மறுப்பார்கள், அந்த மறுப்பில் நியாயமும் இருக்கிறது. செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கையாளரைக் கொண்டு கடைசியாகப் பாதுகாப்புத் தணிக்கை நடந்த தேதி என்ன, சுட்டிக்காட்டிய குறைகளில் எத்தனை தீர்க்கப்பட்டன, பேக்கப்பிலிருந்து மீட்கும் ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். முப்பது நாட்களில் பதில் வர வேண்டும்.

கசிவுச் செய்தி வந்த பிறகு உங்கள் நோயின் பெயர், டாக்டரின் பெயர் எல்லாம் சரியாகச் சொல்லி, பாக்கித் தொகை என்றோ காப்பீட்டுப் பணம் என்றோ யாராவது அழைத்தால் ஓடிபி சொல்லாமல் துண்டித்துவிட்டு, பழைய பில்லில் இருக்கும் மருத்துவமனை எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் கைமாறிப் போவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பணம் போகாமல் விவரங்கள் மட்டும் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் எழுத்தில் பதிந்து, அந்தப் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் இழப்பீடு கேட்பதற்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிடுவதற்கும் அதுதான் முதல் ஆவணம்.