புகைக்குழாயில் திரும்பி ஓடும் அலை

சைலன்சரைக் கழற்றிவிட்டால் காரின் வேகம் கூடும் என்று உங்கள் நண்பர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். சத்தம் கூடும், அதில் ஐயமில்லை. எஞ்சினின் திறனும் கூடுமா? குழாய்க்குள் எட்டிப் பார்ப்போம்.

உருளையில் பெட்ரோல் எரிந்து முடிந்ததும் வெளியேற்று வால்வு திறக்கிறது. அழுத்தம் மிகுந்த புகை குழாய்க்குள் பாய, அழுத்த அலை ஒன்று கிளம்பி மறுமுனைக்கு ஓடுகிறது. திறந்த முனையை அடைந்ததும் அங்குள்ள வாயு தன் வேகத்தால் தேவைக்கு மேலேயே வெளியே பாய்ந்துவிடும். அதனால் அங்கே அழுத்தம் குறைகிறது. இந்தக் குறைவு இன்னோர் அலையாக வால்வை நோக்கித் திரும்பி ஓடி வருகிறது!

அது வந்து சேரும்போது வால்வு இன்னும் மூடாமல் இருந்தால், மிச்சமுள்ள புகையை உறிஞ்சி வெளியே இழுக்கும். புதிய எரிகலவைக்கு இடம் கிடைக்கும். செலவில்லாத பம்பு அல்லவா இது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஞ்சின் நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 1/100 வினாடி. அலை மூன்றில் ஒரு பங்கு சுற்றுக்குள், அதாவது 1/300 வினாடிக்குள், திரும்ப வேண்டும் என்று கொள்வோம். சூடான புகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் செல்லும். போய்வரும் தூரம் 1.67 மீட்டர். ஆகவே குழாயின் நீளம் சுமார் 83 செ.மீ. 3000 சுற்றுகளுக்குக் கணக்கிட்டால் இருமடங்கு நீளம் வேண்டும். எல்லா வேகத்துக்கும் பொருந்தும் குழாய் கிடையாது என்பது இப்போது புரிகிறதா? குழாயை இஷ்டத்துக்கு வெட்டினால் ஒரு வேகத்தில் கிடைத்த நன்மையை இன்னொரு வேகத்தில் இழக்க நேரும். தேவைக்கு மேல் அகலமான குழாயும் அப்படித்தான். புகையின் ஓட்டம் மந்தமாகி, குறைந்த வேகத்தில் இழுவை தளரும்.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-ல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்ற இருவர் அமரும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு உருளைகள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரிகின்றன. இதற்கு மாற்றுக் குழாய் செய்வோர் பலர் 1-ஐயும் 4-ஐயும் ஒரு குழாயிலும், 2-ஐயும் 3-ஐயும் மற்றொன்றிலும் சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். 1 எரிந்து சரியாக ஒரு முழுச் சுற்று கழிந்த பின்தான் 4 எரிகிறது. ஒன்றின் புகை மற்றொன்றின் வழியை மறிப்பதில்லை.

குழாயை மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று அளக்கும் உணர்கருவி ஒன்று குழாயில் இருக்கிறது. அது சொல்வதைக் கேட்டே காரின் கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். உணர்கருவிக்கு முன்னுள்ள மூட்டில் மெல்லிய இடைவெளி இருந்தால் என்ன ஆகும்? நாம் பார்த்த அதே குறையழுத்த அலை வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும்! 'ஆக்சிஜன் அதிகம்' என்று உணர்கருவி அறிவிக்க, கணிப்பொறியும் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டும். திறனுக்காகச் செலவழித்தவர் பெட்ரோலுக்கும் செலவழிப்பார்.

இந்தக் கசிவை மெக்கானிக்குகள் காதால் கண்டுபிடிப்பதுண்டு. மூட்டில் 'டிக், டிக்' என்று ஒலி கேட்கும். எஞ்சின் சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துவிடலாம், ஒலியும் மறைந்துவிடும். ஆகையால் காலையில், குளிர்ந்திருக்கும் எஞ்சினை முதன்முதலாக இயக்கும்போதே காது கொடுக்க வேண்டும்.