பெயர்ப் பலகையும் வைப்புத்தொகையும்

பணி ஓய்வின்போது கிடைத்த தொகையை எங்கே வைப்பது என்று ஆலோசிக்க வரும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “அந்த நிறுவனமும் பதிவு பெற்றதுதானே? வட்டியும் கூடுதலாகத் தருகிறார்களே?” இதற்கு விடை காண, நிறுவனங்கள் தம்மைக் குறித்துப் பயன்படுத்தும் சொற்களுக்குச் சட்டம் தரும் பொருளை அறிதல் வேண்டும்.

முதலாவது, ‘வங்கி’ என்னும் சொல். 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 7ஆம் பிரிவின்படி, வங்கி நிறுவனம் அல்லாத ஒரு கம்பெனி ‘பேங்க்’, ‘பேங்கர்’, ‘பேங்கிங்’ ஆகிய சொற்களைத் தன் பெயரில் சேர்த்துக்கொள்ள இயலாது. வங்கிகளோ அவற்றுள் ஒன்றையேனும் பெயரில் கொண்டிருத்தல் வேண்டும். ஒரு சொல்லே மக்களின் சேமிப்பை ஈர்க்கவல்லது என்பதாலேயே இக்கட்டுப்பாடு. ஆயினும், சில கூட்டுறவுச் சங்கங்கள் இச்சொல்லை விதிக்குப் புறம்பாகப் பயன்படுத்துவதாக 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது. அத்தகைய சங்கங்களில் இடும் தொகைக்கு வைப்புக் காப்பீடு கிடையாது.

‘நிதி’ என்னும் பெயர் தாங்கிய கம்பெனிகள் தம் உறுப்பினர்களிடம் மட்டுமே வைப்புத்தொகை பெறலாம். அவர்களுக்கு மட்டுமே கடன் வழங்கலாம். சீட்டு நடத்தும் நிறுவனங்கள், 1982ஆம் ஆண்டின் சிட்பண்ட் சட்டத்தின்படி, ‘சிட்’, ‘சிட்டி’, ‘குரி’ போன்ற சொற்களுள் ஒன்றைப் பெயரில் கொண்டிருத்தல் வேண்டும். சீட்டுப் பணம் வங்கி வைப்பு ஆகாது.

‘அரசுப் பதிவு பெற்றது’ என்னும் தொடர் மிகுந்த மயக்கம் தருவது. கம்பெனிகள் சட்டப்படி பதிவு செய்தல் என்பது, அந்நிறுவனம் சட்டத்தின் கண்ணில் பிறந்துள்ளது என்பதற்கான சான்று மட்டுமே. வைப்புத்தொகை பெறுவதற்கான அனுமதி அன்று. ஜி.எஸ்.டி. எண்ணும் அவ்வாறே. ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் நிர்வாக முறையின் தரத்தைப் பற்றியது. பணம் திரும்பக் கிடைப்பதற்கு உறுதி அளிப்பதன்று. ரிசர்வ் வங்கியின் பதிவுச் சான்றிதழ் பெற்ற வங்கிசாரா நிதி நிறுவனங்களுள்ளும், வைப்புத்தொகை பெறத் தனியே அனுமதி பெற்றவை சிலவே. அவற்றிலும் வைப்புக் காப்பீடு இல்லை.

இவ்வளவு கூறும் நாங்களும் எங்கள் சொற்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்களே. வங்கியில் இடும் வைப்புக்கும் காப்பீட்டு வரம்பு உண்டு: அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம் ரூபாய். மேலும், வங்கிக் கிளையிலேயே விற்கப்படும் ஆயுள் காப்பீடும் பரஸ்பர நிதியும் வங்கி வைப்புகள் அல்ல. ‘முதலீடு’, ‘திட்டம்’ என்று எங்கள் அலுவலர் கூறினால், “இது வைப்புத்தொகையா?” என்று தயங்காமல் கேளுங்கள். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற நேரான பதிலைப் பெறுவது தங்கள் உரிமை.

பணம் கொடுக்குமுன் மூன்றைச் சரிபார்த்தல் நலம்: அந்நிறுவனத்துக்கு அனுமதி வழங்கியவர் யார், அந்த அனுமதி வைப்புத்தொகை பெறுவதற்கானதா, அதற்குக் காப்பீடு உண்டா. ரிசர்வ் வங்கியின் ‘சாசெட்’ இணையதளத்தில் நிறுவனங்களைப் பற்றிய விவரங்களைத் தேடலாம். ஐயத்துக்குரியவற்றைப் பற்றிப் புகாரும் அளிக்கலாம். பெயர்ப் பலகையைப் படித்தபின் ரசீதையும் ஒருமுறை படியுங்கள். பிற்பாடு சட்டத்தின் முன் பேசப்போவது அந்த ரசீதுதான்.