குச்சியின் நிழலும் 64 கிராம் பெட்டியும்

இராசிபுரத்திலிருந்து என் அக்கா தொலைபேசியில் அழைத்து, "தம்பி, ஒரு தடவை சேலம் போய் உன் மருமகளுக்குப் புத்தி சொல்லிவிட்டு வா" என்று கேட்டுக்கொண்டது 2025 பிப்ரவரியில். ஷஅபான் மாதம் பாதி கடந்திருந்தது. அந்தப் பிள்ளை சேலத்தை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுதியில் தங்கியிருக்கிறாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் போடுகிறாளாம். பற்றவைக்கும் சாலிடரிங் கோலால் சாப்பாட்டு மேசையில் தழும்பு உண்டாக்கிவிட்டாளாம். அந்தப் போர்டு வேண்டும், இந்தச் சென்சார் வேண்டும் என்று மாதம் இருமுறை பணம் கேட்கிறாளாம். "இரண்டு ஆண்டு போதும், நிறுத்திவிட்டு நல்ல இடம் பார்க்கலாம்" என்பது மச்சானின் முடிவு.

இந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. முந்திய ஹஜ்ஜுப் பெருநாளன்று மச்சான் இதே பேச்சை எடுத்தபோது, "அதுவும் சரிதான்" என்று தலையாட்டியவன் நான். கலைப் படிப்புப் படித்துவிட்டு மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனுக்குக் கம்பியும் சில்லும் என்ன தெரியும்? தெரியாத பொருளைப் பற்றித் தலையாட்டுவது மிக எளிது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்குக் கல்லூரி வாயிலில் இறங்கினேன். பார்வையாளர் கூடத்துக்கு முன்னுள்ள வெட்டவெளியில், வெயிலில், குடைகூட இல்லாமல் மருமகள் உட்கார்ந்திருந்தாள். தோழியர் இருவர் உடன் இருந்தனர். தரையில் ஒரு பெரிய அட்டைத் தாள். அதன் நடுவே மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பி ஒன்று நெட்டுக்குத்தாக நின்றது. கம்பி சாயாமல் இருக்கிறதா என்று பார்க்க, நூலில் கட்டிய ஒரு நட்டு. கம்பியைச் சுற்றி ஒரு வட்டம்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமு. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், உங்கள் நிழல் விழுகிறது" என்றாள். புத்தி சொல்ல வந்தவனுக்குக் கிடைத்த வரவேற்பு இது.

செய்தி இதுதான். காலையில் கம்பியின் நிழல் நீளமாக வட்டத்துக்கு வெளியே கிடக்கும். வெயில் ஏற ஏற அது குறுகி, அதன் நுனி ஒரு கணத்தில் வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும். அன்று அது நுழைந்தது 10 மணி 50 நிமிடத்துக்கு. அங்கே ஒரு புள்ளி வைத்திருந்தாள். உச்சி கடந்தபின் நிழல் மறுபடி நீண்டு, மறுபுறம் வட்டத்தைத் தொட்டு வெளியேறும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கும் சரி நடுவிலிருந்து கம்பிக்கு ஒரு கோடு இழுத்தால் அது பிசகாத வடக்கு தெற்கு. இரண்டு நேரங்களுக்கும் நடுநேரம் உண்மையான நண்பகல். "கைப்பேசியில் திசைகாட்டி இருக்கிறதே?" என்று கேட்டேன். "கட்டடத்துக் கம்பிகளுக்குப் பக்கத்தில் அது தடுமாறும் மாமு. நிழல் தடுமாறாது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு நான் ஓதிக் கொடுக்கும் ஹனஃபி சட்ட நூலான ஷரஹுல் விகாயாவில், லுஹர் நேரம் தொடங்குவதை அறியும் வழியாக இதே வட்டம்தான் சொல்லப்பட்டிருக்கிறது. அரபு நூலோர் அதற்கு இட்ட பெயர் அத்தாயிரத்துல் ஹிந்திய்யா, அதாவது இந்திய வட்டம். நம் நாட்டு வானநூலாரிடமிருந்து பெற்றதை மறைக்காமல் அந்தப் பெயரிலேயே வழங்கிய நேர்மையை வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையில் வட்டமும் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு நாளேனும், ஒரு குச்சியை முற்றத்து மண்ணில் நட்டுப் பார்த்ததில்லை.

பிறகு நானும் உட்கார்ந்துவிட்டேன். இடையில் லுஹர் தொழுதோம். விடுதிச் சாப்பாடு உண்டோம். சாம்பாரைப் பற்றி ஒன்றும் சொல்லாதிருப்பது நலம். 2 மணி 12 நிமிடத்துக்கு நிழல் நுனி வட்டத்தைக் கடந்தது. அப்படியானால் நண்பகல் 12 மணி 31 நிமிடம். "பன்னிரண்டு மணிக்குத்தானே உச்சி?" என்று தோழி ஒருத்தி கேட்க, மருமகள் விளக்கியது எனக்குப் புதிது. இந்தியக் கடிகாரம் அலகாபாத் பக்கமாகச் செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது. சேலம் இருப்பது ஏறத்தாழ 78 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் நமக்குச் சூரியன் 17 நிமிடம் பிந்தி வருகிறான். போதாக்குறைக்குப் பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இல்லை; அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. ஆகவே சேலத்தில் உச்சி நேரம் நவம்பர் தொடக்கத்தில் 12 மணி 1 நிமிடத்துக்கும், பிப்ரவரி நடுவில் 12 மணி 31 நிமிடத்துக்குமாக ஊசலாடுகிறது.

இதில் நோன்பாளிகள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. சேலத்தில் சூரியன் சென்னையை விட ஏறத்தாழ 6 முதல் 11 நிமிடம் வரை பிந்தி மறைகிறது. ஜூனில் குறைவு, டிசம்பரில் அதிகம். சென்னையில் ஒலிக்கும் மக்ரிப் பாங்கைத் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டு இங்கே நோன்பு திறந்தால் இன்னும் பகல் முடியாத நேரத்தில் நோன்பு திறந்தவர்களாவோம். நம் ஊர்ப் பள்ளிவாசல் அட்டவணையை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கும் வீடுகள் நமக்குள் இல்லாமல் இல்லை. என் அக்கா வீடும் அவற்றில் ஒன்று என்பதை அன்றுதான் அறிந்தேன். பிள்ளை பணம் கேட்டு வாங்கிய போர்டு எதற்கென்றால், சேலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு ஐவேளை நேரத்தையும் தானே கணக்கிட்டுக் காட்டும் ஒரு சிறு பெட்டி செய்வதற்காம். மூன்று முறை கெட்டுப்போய், நான்காம் முறை ஓடுகிறதாம்.

"இதெல்லாம் யாரைப் பார்த்து வந்த ஆசை?" என்று கேட்டேன். "பள்ளபட்டிக்காரரைப் பார்த்துத்தான்" என்றாள்.

கரூர் மாவட்டத்துப் பள்ளபட்டி நமக்குக் காவிரிக்கு அக்கரை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர். அவ்வூர் மாணவர் ரிஃபாத் ஷாரூக்கும் அவருடைய குழுவினரும், சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் துணையோடு, 'க்யூப்ஸ் இன் ஸ்பேஸ்' என்னும் உலகளாவிய மாணவர் போட்டிக்காக ஒரு சிறு பெட்டியை வடிவமைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 18. அமெரிக்காவின் நாசா அதனைத் தேர்ந்து, 2017 ஜூன் 22 அன்று வர்ஜீனியா மாநிலத்து வாலப்ஸ் தீவிலிருந்து ஆய்வு ராக்கெட்டில் வைத்து ஏவியது. பெட்டிக்கு இட்ட பெயர் கலாம்சாட். எடை 64 கிராம், பக்கம் 3.8 சென்டிமீட்டர். நாமக்கல் கோழிப்பண்ணையிலிருந்து வரும் ஒரு பெரிய முட்டையின் எடை அது.

ஏன் 64 கிராம்? போட்டியின் நிபந்தனை, 4 சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள், 64 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்பது. நான்கை மும்முறை பெருக்கினால் 64. அந்த அளவுப் பெட்டியில் தண்ணீரை நிரப்பினால் அதன் எடையும் சரியாக 64 கிராம்! இதை மருமகள் கண்டுபிடித்தது சமையலறையில், பாலாடைக்கட்டியைச் சதுரமாக நறுக்கும்போதாம். ஒரு கவளம் தண்ணீரின் எடைக்குள் கணிப்பொறி ஒன்றையும், முடுக்கத்தையும் சுழற்சியையும் காந்தப்புலத்தையும் அளக்கும் உணரிகளையும் அடைக்க வேண்டும். ராக்கெட்டின் உலுக்கலுக்கும் அது உடையக் கூடாது. அதற்காகவே கார்பன் இழையால் வலுவூட்டிய பொருளை முப்பரிமாண அச்சில் வார்த்துக் கூடு செய்தார்கள். அத்தகைய கூடு விண்வெளியில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதே அவர்கள் செய்த சோதனை.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். உலகிலேயே மிகச் சிறிய துணைக்கோள் பூமியைச் சுற்றுகிறது என்று அப்போது நம்மவர் பலர் செய்தி பரப்பினார்கள். அது சுற்றவில்லை. பூமியைச் சுற்றி நிலைபெற மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஆய்வு ராக்கெட்டுக்கு அந்த வேகம் கிடையாது. அது நூறு கிலோமீட்டருக்கு மேல் எழும்பி, சில நிமிடம் எடையற்ற நிலையைத் தந்து, கடலில் இறங்கிவிடும். இதைச் சொல்வதால் பள்ளபட்டிப் பிள்ளையின் உழைப்பு ஒரு கிராமும் குறையாது. நம் பிள்ளை சாதித்தான் என்ற மகிழ்ச்சியில் இல்லாததைச் சேர்த்துச் சொல்வது நமக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. அறிவிப்பாளர் வரிசையைத் துருவி ஆராய்ந்து ஹதீஸை ஏற்ற சமுதாயம் செய்தியிலும் அந்தக் கண்டிப்பைக் காட்ட வேண்டாமா? சுற்றுப்பாதைக்கும் ஒன்று சென்றது. அதே அமைப்பின் மாணவர்கள் செய்த 1.26 கிலோ எடையுள்ள கலாம்சாட் வி2, 2019 ஜனவரி 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி44 ராக்கெட்டின் நான்காம் அடுக்கில் அமர்ந்து போனது.

என் பங்குக்கு நானும் ஒருவரைச் சொன்னேன். அதிராம்பட்டினத்து உமர் தம்பி அவர்கள். மருமகள் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நாள்தோறும் கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்புகிறாள். 1953இல் பிறந்த அவர் தம் ஊர்க் காதிர் முகைதீன் கல்லூரியில் படித்தது விலங்கியல். பிறகு மின்னணுவியல் பயின்று வானொலி, தொலைக்காட்சி பழுது பார்த்தார். துபாய் சென்று அங்கே கணினித் துறைக்குள் நுழைந்தார். அந்நாளில் இணையத்தில் தமிழ் படிப்பது பெரும் தொல்லை. ஒவ்வோர் ஏடும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தும். அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் கண்முன் தோன்றுவது பூச்சி ஊர்ந்த தடம். யூனிகோடு குறியீட்டில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும் பழைய கணினிகள் அதைக் காட்டத் தெரியாதவை. உமர் தம்பி ஆக்கிய 'தேனீ' என்னும் இயங்கு எழுத்துரு, பக்கத்தோடு தானும் சேர்ந்து வந்து, வாசகர் எதையும் நிறுவாமலே தமிழைக் காட்டிற்று. பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளையும் செய்து யாவருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2006 ஜூலை 12 அன்று மறைந்தார். 2010இல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் இடப்பட்டது. விலங்கியல் படித்தவர் என்றதும் மருமகள் என்னைப் பார்த்த பார்வையில், வரலாறு படித்த மாமுவுக்கும் வழி உண்டு என்பது போல் ஒரு குறும்பு இருந்தது.

புறப்படும்போதுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. கல்லூரி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆய்வுக்கூடம் மாலை ஐந்துக்கே பூட்டப்படுகிறது என்பது ஒன்றே அவள் குறை. பஸ்ஸில் ஏறிய பின்னும் சொல்ல வேண்டிய புத்தியை நான் சொல்லியிருக்கவில்லை.

இராசிபுரத்தில் மச்சானிடம் என் பழைய தலையாட்டலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் எளிதில் இறங்கவில்லை. செலவைச் சொன்னார், ஊர் வாயைச் சொன்னார். அக்கா குறுக்கிட்டு, "அப்துல் கலாமைக் குரோம்பேட்டைக் கல்லூரியில் சேர்க்க அவர் அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தாராமே, என் வளையல் இன்னும் கையில்தான் இருக்கிறது" என்றார். என்னைப் புத்தி சொல்ல அனுப்பிய அதே அக்கா! மச்சான் பதில் சொல்லாமல் அஸருக்குப் புறப்பட்டுவிட்டார். அந்த ரமலானில் அவ்வீட்டில் தொலைக்காட்சிப் பாங்குக்கு நோன்பு திறக்கவில்லை. மருமகள் கொடுத்தனுப்பிய பெட்டியையும் பள்ளிவாசல் பாங்கையும் ஒத்துப்பார்த்தே திறந்தார்கள். பெட்டி அரை நிமிடம் பிந்தியதாம். அதை மச்சான் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆண்டில் இருமுறை, மே 27, 28 நாள்களிலும் ஜூலை 15, 16 நாள்களிலும், சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் நிற்கிறது. அந்தக் கணம் மே மாதத்தில் நம் கடிகாரத்துக்குப் பிற்பகல் 2 மணி 48 நிமிடம். ஜூலையில் 2 மணி 57 நிமிடம். அப்போது சூரியன் இருக்கும் திசையே கிப்லாத் திசை. சேலம், நாமக்கல் பகுதிக்கு அது நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்தது. தொலைவில் உள்ளோர் அத்திசைப் பக்கம் முகம் திருப்பினாலே போதும் என்பது ஹனஃபி சட்ட அறிஞர்களின் கருத்து. எனவே இதுவரை தொழுத தொழுகைகளைப் பற்றி யாரும் கலங்க வேண்டா.

ஜூலை 16, புதன்கிழமை, இரண்டே முக்காலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் கடையை மூடிவிட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தார். கையில் கொத்தனாரின் தூக்குக் குண்டு, காதில் கைப்பேசி, மறுமுனையில் சேலம் விடுதி. மேகம் ஒன்று சூரியனை மறைத்துக்கொண்டு நகர மறுத்தது. "இரண்டு நிமிடம் பிந்தினால் பாதகம் இல்லை அத்தா" என்ற குரல் எனக்கே கேட்டது. 2 மணி 58 நிமிடத்துக்கு வெயில் அடித்தது. கயிற்றின் நிழல் மாடித் தளத்தில் விழுந்த இடத்தில் மச்சான் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "தள்ளி நில்லுங்கள் மாப்பிள்ளை, நிழல் விழுகிறது" என்றார்.