மெதுவாக ஓடினால் வேகம் கூடுமா?

மாரத்தானில் 30 கி.மீ. வரை சீராக ஓடியவருக்குத் திடீரென்று கால் கல்லாய்க் கனக்கிறதே, ஏன்? தசையிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைக்கோஜன் தீர்ந்துபோவதுதான் முக்கியக் காரணம். 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கி.மீ. ஓட ஏறத்தாழ 2,500 கிலோகலோரி வேண்டும். கிளைக்கோஜன் கையிருப்போ சுமார் 2,000தான். மீதியைக் கொழுப்பு தர வேண்டும். அது நிதானமாகத்தான் எரியும், ஆக்ஸிஜனும் கூடுதலாகக் கேட்கும்.

அதனால்தான் நான்கரை மணி நேரத்தை நான்காகக் குறைக்க நினைப்பவரையும், பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் இப்படி ஓடினால் தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகும், ரத்த நுண்குழாய்கள் கூடும். அதே வேகத்தில் கொழுப்பு அதிகம் எரிய, கிளைக்கோஜன் கடைசி வரை தாங்கும். வேகப் பயிற்சி வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். தினமும் மூச்சிரைக்க ஓடாதீர்கள்.