கண்ணாடியைப் பார்த்தும் முட்டையிடும்!

‘ஜோடி வாங்கி மாசக்கணக்கா ஆச்சு, ஒரு முட்டைகூட இல்லண்ணே!’

மொட்டை மாடியில் புதிதாகப் புறா வளர்ப்பவர்கள் பலரும் இப்படித்தான் புலம்புகிறார்கள். புலம்பிய கையோடு மருந்துக்கடைக்குப் போய் கால்சியம் டானிக்கும் வாங்கி வந்துவிடுகிறார்கள். டானிக் இருக்கட்டும். முதலில், அது நிஜமாகவே ஜோடிதானா?

ஆணும் பெட்டையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கழுத்தைப் புடைத்து, வாலைத் தரையில் தேய்த்து, குமுறியபடி வட்டமடித்தால் பெரும்பாலும் ஆண். ஆனால், துடுக்கான பெட்டையும் சில சமயம் இந்த ஆட்டத்தை ஆடும். இரண்டும் ஆண் என்றால் ஆயுசுக்கும் முட்டை கிடையாது. இரண்டும் பெட்டையாக இருந்துவிட்டால் கூத்து வேறு மாதிரி. ஒரே கூட்டில் நான்கு முட்டைகள் கிடக்கும். நமக்கோ தலைகால் புரியாது. ஒன்றுகூடப் பொரிக்காது.

உண்மையான ஜோடிதான் என்றால், அடுத்து கவனிக்க வேண்டியது தீனியை அல்ல, பெட்டையின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதை. தனியாக அடைத்துவைத்த பெட்டை பொதுவாக முட்டையிடாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு புறா தெரிந்தால் போதும், இட்டுவிடும். அவ்வளவு ஏன், முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னையே பார்த்தாலும் இடும் என்று 1939-ல் எழுதினார் ஆங்கிலேய விலங்கியலாளர் ஹாரிசன் மேத்யூஸ். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் லெர்மனின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. புறா இனத்துப் பெட்டைகளுக்கு எதிரே விதை நீக்கிய ஆண்களை விட்டுப் பார்த்தார்கள். அந்த ஆண்கள் குமுறவும் இல்லை, வட்டமடிக்கவும் இல்லை. பெட்டைகளின் முட்டைப்பை வளர்ச்சியும் மந்தமாகவே இருந்தது. பக்கத்தில் ஆண் இருந்தால் மட்டும் போதாது. அது கொஞ்சவும் வேண்டும்.

கம்பிவலைத் தடுப்பு வைத்த கூண்டில் இரண்டையும் சில நாள் பக்கத்துப் பக்கத்தில் விட்டு, பிறகு தடுப்பை எடுக்கும் பழைய பழக்கத்தின் சூட்சுமமும் இதுதான். அலகோடு அலகு கோத்து ஊட்டிக்கொள்ள ஆரம்பித்தால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது ஒரு மண்சட்டியைக் கூடு கட்டும் பெட்டிக்குள் வைத்து, வேப்பங்குச்சியையும் உடைத்த ஈர்க்குகளையும் தரையில் தூவிவிடுங்கள். கூட்டை நாமே கட்டிக்கொடுக்க வேண்டாம். ஆண் ஒரு குச்சியைப் பொறுக்கும், பிடிக்காவிட்டால் உதறிவிட்டு வேறொன்றை எடுக்கும். சட்டியில் உட்கார்ந்திருக்கும் பெட்டையின் முதுகில் ஏறி நின்று நீட்டும். அது வாங்கி வயிற்றுக்கடியில் செருகிக்கொள்ளும். மறுபடியும் ஒரே ஒரு குச்சி. பார்க்கிற நமக்குத்தான் பொறுமை போகும்!

சில நாளில் ஆண், பெட்டையை இரை தின்னவும் விடாமல் சட்டிக்கே துரத்தும். சண்டை என்று பயந்து இந்த நேரத்தில்தான் பலர் பிரித்துவைத்துக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். முட்டை நெருங்கிவிட்டதற்கான அடையாளம் அது. இணைசேர்ந்து எட்டுப் பத்து நாளில், பெரும்பாலும் மாலை வேளையில், முதல் முட்டை. ஏறக்குறைய 44 மணி நேரம் கழித்து இரண்டாவது. அதன் பிறகு 17, 18 நாள் அடை. பகலில் பெரும்பகுதி ஆண் உட்காரும், மாலையிலிருந்து மறுநாள் காலை வரை பெட்டை.

தீனியும் முக்கியம்தான். கம்பு, சோளத்தோடு பச்சைப்பயறு, பட்டாணி சேரட்டும். கிளிஞ்சல் தூள் எப்போதும் ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும். இறகு உதிர்க்கும் பருவத்தில் எதைக் கொடுத்தாலும் பலன் குறைவு, விட்டுவிடுங்கள். ஆறு மாத இளம் புறாக்களை அவசரப்படுத்துவதும் வேண்டாத வேலை.

குஞ்சுகளுக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும்போதே பெட்டை அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். அதே சட்டியில் இட்டால் குஞ்சுகள் மிதித்து உடைத்துவிடும். அதனால், பெட்டியின் மறு மூலையில் இரண்டாவது சட்டியை இப்போதே வைத்துவிடுங்கள்.