மூடிவிட்டுச் சொல்லலாம்

காரைக்கால் மாவட்டம் நெரவியில் ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகைப் பிரிவு அலுவலகம் இருக்கிறது. டெண்டர், ஒப்புதல், தணிக்கை எனப் பொதுத்துறைக்கே உரிய நிதானம் அங்கும் உண்டு. மக்கள் பணம் என்பதால் அது தேவையும்கூட. ஆனால் எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டும் ரிக்கில் ஒரு முடிவுக்கு மட்டும் கோப்பு கிடையாது. அதை எடுப்பவர் ஷிஃப்டில் நின்று துளையிடும் டிரில்லர்.

துளையிடும்போது கிணற்றுக்குள் கனமான சேற்றுக் கலவையைச் சுழலவிடுவார்கள். கீழேயுள்ள வாயுவை அடக்கி வைப்பது அதன் எடைதான். நிலத்தடி அழுத்தம் அந்த எடையை மிஞ்சினால் வாயு கிணற்றுக்குள் புகுந்துவிடும். ரிக்காரர்கள் இதைக் 'கிக்' என்பார்கள். சேற்றுத் தொட்டியின் மட்டம் காரணமில்லாமல் ஏறும். பம்பை நிறுத்திப் பார்ப்பார்கள். அப்போதும் கிணறு வழிந்தால் வாயிலிலுள்ள 'பி.ஓ.பி.' அடைப்பானை உடனே மூட வேண்டும். முதலில் மூடு, பிறகு மேலே சொல் என்பதே உலகெங்கும் ரிக் வழக்கம். அடங்காத கிணறு என்ன செய்யும் என்பதை ஓஎன்ஜிசி அறியும்: 1995 ஜனவரியில் ஆந்திரத்தின் பாசர்லபூடியில் பற்றிய தீ இரண்டு மாதங்களுக்கு மேல் எரிந்தது.

மேலே கேட்காமல் டிரில்லரே மூடுகிறாரே, நிறுவனங்கள் இன்று தேடி அலையும் 'அஜைல்' என்ற சுறுசுறுப்பான வேலைமுறை அதுதான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் கூடிய 17 மென்பொருள்காரர்களும் தங்கள் 'அஜைல்' அறிக்கையில், நடைமுறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களையே முன்னால் வைத்தார்கள். நம் அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்ததோ காலையில் நின்றபடி பேசும் கூட்டமும் சுவரில் ஒட்டும் வண்ணச் சீட்டும்தான்!

அதிகாரத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. டிரில்லருக்குக் கிணற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சி உண்டு. பன்னாட்டுச் சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்வெழுதிப் புதுப்பிக்க வேண்டும். வேலைக்கு நடுவே ஒத்திகையும் நடக்கும். இவற்றைவிடப் பெரிது, அவர் மூடியது வீண் பயத்தால் என்று தெரிந்த மறுநாள் மேலதிகாரி அவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பது. ரிக் சும்மா நின்றால் பணம் கரையும். அதற்காக ஒருவர் ஏச்சு வாங்கினால், அடுத்த ஷிஃப்ட்காரர் தொட்டியை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பார்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் வெடித்த டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில், வேலையை நிறுத்தும் உரிமை ஊழியர் ஒவ்வொருவருக்கும் இருந்தது. அன்று நடந்த அழுத்தச் சோதனை சரியாக வரவில்லை. அதற்கு ஏதோ ஒரு விளக்கம் சொல்லப்பட்டது, வேலை தொடர்ந்தது. இரவு 11 பேர் இறந்தார்கள்.