மச்சின் இடுக்குகளும் மின்சாரச் சிக்கனமும்

வெயிலையும் மழையையும் தடுப்பதற்கென்றே கூரை அமைக்கப்படுகிறது. ஆனால் கூரைக்கும் அறைக்கும் இடையே காற்று எவ்வழியே செல்கிறது, அதனால் அறையின் வெப்பம் எவ்வாறு மாறுகிறது என்பதை வீட்டில் குடியிருப்போர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. மின்விசிறி ஒன்றே போதுமென்றிருந்த வரையில் அதனை எண்ணவேண்டிய தேவையும் எழவில்லை. பழைய வீட்டின் ஓர் அறையில், ஏ.சி. என்று யாவரும் வழங்கும் குளிர்சாதன இயந்திரத்தைப் பொருத்தியதும் நிலைமை மாறிவிடுகிறது. மச்சுப் பலகையின் இடுக்கும், கதவின் கீழுள்ள சந்தும், சுவரின் உச்சியில் உள்ள காற்றுப் புழையும் மின்சாரச் செலவை உயர்த்தும் வழிகளாகின்றன. இவ்வழிகளில் எவற்றை அடைக்கவேண்டும், எவற்றை அடைத்தல் கூடாது என்பதைப் புத்தூர்ப் பகுதியின் வீடுகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

புத்தூர் வீடுகளின் அமைப்பு

சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையே, நகரி மலைகளை அடுத்து அமைந்துள்ளது புத்தூர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டில் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. இங்குத் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்குகின்றன.

வட அட்சரேகை 13½ பாகைக்கு அண்மையில் இவ்வூர் இருப்பதால், ஏப்ரல் மாத இறுதியிலும் ஆகஸ்டு மாத நடுவிலும் நண்பகற் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. அந்நேரத்தில் சுவர்கள் பெறும் வெயில் குறைவு. கூரை பெறும் வெயிலே மிகுதி. எனவே, வீட்டினுள் புகும் வெப்பத்தில் கூரை வழியாக வருவதே முதன்மையானது எனலாம்.

பழைய வீடுகள் பெரும்பாலும் இருவகைப்படும். தெலுங்கில் 'பெங்குடில்லு' எனப்படும் ஓட்டு வீடு ஒன்று. 'மித்தெ' எனப்படும் மட்டத் தளமுடைய வீடு மற்றொன்று. ஓட்டு வீட்டில், பனஞ்சட்டங்களின்மேல் வரிச்சுகளைக் கட்டி நாட்டு ஓடுகளை வேய்ந்திருப்பர். அல்லது சட்டங்களின்மேல் மங்களூர் ஓடுகளைப் பரப்பியிருப்பர். வசதியுள்ள வீடுகளில், ஓட்டுக்குக் கீழே உத்தரங்களின்மீது பலகை பரப்பி மச்சு அமைப்பதுண்டு. தெலுங்கில் 'அடக' என்பதும் இத்தகைய இடமே. தானியமும் பழம்பாத்திரங்களும் வைக்கப்படும் இவ்விடந்தான், கோடையில் வீட்டிலேயே மிகுந்த வெப்பமுடைய இடமாகும்.

இவ்வமைப்பு குறையுடையதன்று. ஓடுகளுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியே சூடான காற்று மேலே எழுந்து வெளியேறும். முற்றத்திலிருந்தும் தாழ்வாரத்திலிருந்தும் புதிய காற்று கீழே புகும். சமையலறைப் புகையும் அவ்வாறே வெளியேறும். இயந்திரக் குளிர்ச்சி இல்லாத வீட்டில் இச்சந்துகள் காற்றோட்டத்திற்கு இன்றியமையாதவை.

குளிர் நாடுகளின் அனுபவம்

மச்சின் இடுக்குகளை அடைத்து எரிபொருளைச் சேமிக்கும் முறை குளிர் நாடுகளில் வளர்ந்ததாகும். 1973-ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டதன்பின், அமெரிக்க நாட்டில் வீடுகளைச் சூடாக்கும் செலவு மக்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று. அக்காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், நியூ ஜெர்சி மாநிலத்தின் ட்வின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பில் வீடுகளின் வெப்ப இழப்பை அளந்தனர். மச்சில் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு பரப்பப்பட்டிருந்தும், கணக்கிட்டதைவிடப் பன்மடங்கு வெப்பம் மச்சைச் சென்றடைவதை அவர்கள் கண்டனர். வீட்டுச் சுவர்களின் உட்புறத்து வெற்றிடங்கள் வழியாகச் சூடான காற்று பஞ்சைச் சுற்றிக்கொண்டு மேலே சென்றதே அதற்குக் காரணம். முதலில் இடுக்கை அடைத்துப் பிறகே பஞ்சைப் பரப்பவேண்டும் என்னும் விதி இத்தகைய ஆராய்ச்சிகளால் வலுப்பெற்றது. ஏழைக் குடும்பங்களின் வீடுகளைச் செப்பனிட்டு எரிபொருள் செலவைக் குறைக்கும் திட்டமொன்றுக்கு அந்நாட்டில் 1976-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது.

இவ்விதியை அப்படியே புத்தூருக்குக் கொணர்தல் பொருந்துமா? பொருந்தாது. அதன் காரணத்தை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எளிதில் விளக்கலாம்.

காற்றின் திசை மாறுகிறது

சூடான காற்று இலேசானது. குளிர்ந்த காற்று கனமானது. குளிர் நாட்டில் வீட்டின் உட்காற்று சூடாகவும் வெளிக்காற்று குளிர்ந்தும் இருக்கின்றன. ஆதலால் உட்காற்று மேலெழுந்து மச்சின் இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. அதற்கு ஈடாகக் குளிர்ந்த காற்று கீழிருந்து புகுகிறது.

புத்தூரில் குளிர்சாதன அறையின் நிலை இதற்கு நேர்மாறானது. இயந்திரம் குளிர்வித்த கனமான காற்று தரையை நோக்கி இறங்கி, கதவின் கீழுள்ள சந்து வழியாக வெளியேறுகிறது. அதற்கு ஈடாக மேலிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. அவ்வாறு உறிஞ்சப்படும் காற்றோ, ஓட்டின் அடியில் காய்ந்து நிற்கும் மச்சுக் காற்று. வீட்டிலுள்ள மிகச் சூடான காற்றையே தேடி இழுத்து அறைக்குள் விடுவதற்கு இது ஒப்பாகும். இயந்திரம் இடைவிடாது ஓடியும் அறை குளிரவில்லை என்றால், பலர் இயந்திரத்தின்மீது குறை கூறுவர். சிலர் அதனினும் பெரிய இயந்திரத்தை வாங்குவர். குறையோ பல வீடுகளில் தலைக்குமேல் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். மச்சுப் பலகை ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் அகலமாயின், ஏறத்தாழ 20 இடுக்குகள் இருக்கும். ஒவ்வோர் இடுக்கும் 2 மில்லிமீட்டர் அகலமே எனினும், அவற்றின் மொத்தப் பரப்பு 0.16 சதுர மீட்டர். 40 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள ஒரு சன்னலை மேற்கூரையில் இரவும் பகலும் திறந்து வைத்ததற்கு இது சமம்.

இவ்வறை கொள்ளும் காற்று 36 கன மீட்டர். அதன் எடை சுமார் 40 கிலோகிராம். மச்சுக் காற்று 46 பாகை சென்டிகிரேடும் அறை 26 பாகையும் இருப்பதாகக் கொண்டால், அறைக் காற்று ஒருமுறை மாறும்போது உட்புகும் வெப்பம் ஏறத்தாழ 800 கிலோஜூல். இதனோடு ஈரமும் சேர்ந்து வருகிறது. ஒரு கிலோ வெளிக்காற்றில் 18 கிராம் நீராவியும், அதே அளவு அறைக் காற்றில் 11 கிராம் நீராவியும் இருப்பின், காற்று ஒருமுறை மாறுவதால் 280 கிராம் நீராவி மிகுதியாகப் புகும். அதனைக் குளிர்வித்து நீராக்குவதற்கு இயந்திரம் மேலும் ஏறக்குறைய 690 கிலோஜூல் வெப்பத்தை அகற்றியாகவேண்டும்.

மணிக்கு மூன்று முறை காற்று மாறினால், இவ்விரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 4,470 கிலோஜூல் ஆகும். ஒரு டன் திறனுள்ள இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அகற்றக்கூடியது சுமார் 12,660 கிலோஜூல். ஆகவே அதன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது இடுக்குகளுக்கே செலவாகிறது. இது கோடைப் பிற்பகலுக்கு உரிய கணக்கு. இரவில் மச்சு குளிர்வதால் வெப்பத்தின் பங்கு குறையும்; ஆனால் ஈரத்தின் பங்கு நீடிக்கும்.

அடைக்கவேண்டியவை

அடைப்பு எந்த மட்டத்தில் அமையவேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும். குளிர்விக்கப்படும் அறையின் மச்சுப் பலகையே அந்த எல்லை, ஓட்டுக் கூரையன்று.

பலகைகளின் இடுக்குகள், உத்தரம் சுவரில் நுழையும் இடம், மின்கம்பிக் குழாய் செல்லும் துளை, விளக்கு தொங்கும் கொக்கியின் துளை, மச்சுக்கு ஏறும் வழியின் மூடி ஆகியவை முதலில் கவனிக்கத்தக்கவை. மரம் பருவத்திற்கேற்ப விரிந்து சுருங்குமாதலால், சாந்து மட்டும் பூசினால் ஓராண்டில் வெடித்துவிடும். எனவே, பெரிய இடுக்குகளில் சணல் கயிற்றைத் திணித்து, அதன்மேல் வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் பசையை இடுதல் நலம். ஏறும் வழியின் மூடிக்கும் அறைக் கதவின் ஓரங்களுக்கும் ரப்பர் பட்டை ஒட்டலாம். கதவின் அடியிலுள்ள சந்தையும் மறவாமல் மூடவேண்டும். கீழ்வழி குறைந்தால் மேல்வழியே புகும் காற்றும் குறைந்துவிடும்.

மட்டத் தள வீட்டில் மச்சு இல்லை. ஆயினும் பழைய அறைகளில், தளத்தை ஒட்டிச் சுவரின் உச்சியில், கதவில்லாத வென்டிலேட்டர்கள் உண்டு. அவற்றுக்குத் திறந்து மூடக்கூடிய கண்ணாடிக் கதவு பொருத்துதல் வேண்டும். நிலையாக அடைத்துவிடுதல் தவறு. இயந்திரம் ஓடாத நேரத்தில் சூடான காற்று வெளியேற வேறு வழியில்லாமற் போகும்.

இடுக்குகளை அடைத்து முடித்தபின்னரே, மச்சின்மேல் கண்ணாடி நார்ப் பஞ்சு போன்ற வெப்பத் தடைப்பொருளைப் பரப்பவேண்டும். ஓட்டின்மீதோ தளத்தின்மீதோ வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதல் வெயிலைத் திருப்பி அனுப்பும் எளிய முறையாகும். குளிர்சாதனம் இல்லாத வீட்டுக்கும் அது பயன் தரும்.

திறந்து வைக்கவேண்டியவை

ஓட்டுக்கும் மச்சுக்கும் இடையிலுள்ள வெளியை அடைத்தல் கூடாது. ஓட்டுச் சந்துகளும் தாழ்வாரத்து ஓரங்களும் திறந்திருந்தால்தான் அங்குத் தங்கும் வெப்பம் வெளியேறும், மரமும் உலர்ந்திருக்கும். வௌவால், அணில் முதலியவற்றைத் தடுக்கக் கம்பி வலை போதும்.

குளிர்சாதனமே இல்லாத வீட்டில், மழைநீர் ஒழுகும் இடங்களைத் தவிர வேறெதனையும் அடைக்கவேண்டியதில்லை. அத்தகைய வீட்டின் சந்துகளை மூடினால், கோடையில் முதியோரும் குழந்தைகளும் வெப்பத்தால் நலிவுறும் அபாயம் மிகும்.

எச்சரிக்கைகள்

அடைத்த அறையில் விறகடுப்பு, கரியடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, எரிவாயு வெந்நீர்க் கருவி ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. எரிதல் நிறைவுறாதபோது தோன்றும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை விழிக்கவிடாமலே கொல்ல வல்லது. விறகடுப்புள்ள சமையலறையின் புகைவழியை எக்காரணங்கொண்டும் மூடுதல் கூடாது. குளிர்சாதன அறையிலும் நாள்தோறும் சிறிது நேரம் கதவு சன்னல்களைத் திறந்து புதுக்காற்றை விடவேண்டும்.

மச்சில் பழைய மின்கம்பிகள் இருப்பின், அவற்றைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு சோதித்த பின்னரே பஞ்சு பரப்பலாம். மூடப்பட்ட பழங்கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். கரையான் அரித்த உத்தரத்தை முதலில் செப்பனிடவேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும்.

அறையை மிகக் குளிரச் செய்வதும் தீமையே. மேற்கண்ட கணக்கில் கூறிய ஈரமுள்ள காற்று, 23 பாகைக்குக் குறைந்த பரப்பில் பட்டால் நீர்த்துளியாகும். அறையை 20 பாகைக்குக் குளிர்வித்தால் பலகையின் மேற்புறம் நனைந்து பூஞ்சை பிடிக்கலாம். 26 பாகையில் அந்த அச்சம் இல்லை. நட்சத்திரக் குறியீடு பெறும் அறைக் குளிர்சாதன இயந்திரங்கள் இயங்கத் தொடங்கும்போது 24 பாகையிலேயே நிற்கவேண்டும் என்னும் விதி இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனைக் குறைக்காமல், இயலுமாயின் 26 பாகைக்கு உயர்த்தி மின்விசிறியையும் சுழலவிடுதல் சிக்கனமானது.

ஊதுவத்திச் சோதனை

இடுக்குகளைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கதவு சன்னல்களை மூடி இயந்திரத்தை ஒரு மணி நேரம் ஓட்டி, பின்னர் அதனையும் மின்விசிறியையும் நிறுத்தவேண்டும். எரியும் ஊதுவத்தியை மச்சின் இடுக்கருகே பிடித்தால், புகை கீழ்நோக்கித் தள்ளப்படுவதைக் காணலாம். கதவின் அடியில் பிடித்தால், புகை வெளியே இழுக்கப்படும். பஞ்சு, துணி முதலியவற்றிற்கு அருகில் நெருப்பைக் கொண்டுசெல்லாதிருத்தல் அவசியம். காணப்பட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, அடைத்தபின் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

பள்ளிகளில் இரண்டு வெப்பமானிகளைக் கொண்டு ஒரு பாடம் நடத்தலாம். ஒன்றைத் தரையருகிலும் மற்றொன்றை ஓட்டின் அடியிலும் தொங்கவிட்டு, காலை முதல் மாலை வரை மணிதோறும் மாணவர்கள் அளவெடுத்து வரைபடம் தீட்டட்டும். கூரையின் வெப்பம் எந்நேரத்தில் உச்சமடைகிறது, எந்நேரத்தில் தணிகிறது என்பது அவர்களுக்கு விளங்கும்.

கள ஊழியர்கள் ஒரு வீட்டுக்குச் சென்றதும் இரண்டு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இயந்திரத்தால் குளிர்விக்கப்படும் அறை எது? வீட்டில் நெருப்பு எரியும் இடங்கள் எவை? குளிர்விக்கப்படும் அறை இல்லையெனில் சந்துகளை அடைக்குமாறு கூறாமல், கூரைக்கு வெள்ளை பூசவும் இரவில் சன்னல்களைத் திறந்து வைக்கவும் அறிவுறுத்தலாம். அவ்வறை உண்டெனில், நெருப்பு எரியும் இடத்தின் காற்றுவழியைக் காத்து, அவ்வொரு அறையின் மச்சை மட்டும் முறையாக அடைக்கச் செய்யவேண்டும். பெரிய இயந்திரம் வாங்க எண்ணியிருக்கும் குடும்பம், அதற்கு முன்பு ஒரு சுருள் சணல் கயிற்றையும் சில முழம் ரப்பர் பட்டையையும் வாங்கிச் சோதித்துப் பார்த்தல் நன்று.